முதுகில் இருந்த கை

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அவரிடம் போய், "உம்மப் பத்தித்தானே வே எழுதியிருக்கு?" என்று கேட்டுத் தொலைப்பார்கள். அவர் கூசிப்போவார். அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. எழுதிய எனக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்று, "அது நான் இல்லப்பா, வேற ஆளு" என்று என்னையும் சேர்த்துக் காப்பாற்றிவிடுவார். அந்தக் காப்பாற்றுகிற குணத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பரீட்சை ரிசல்ட், ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. மூன்று கம்ப்யூட்டர். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். "அந்த அக்கா கடிச்சுக் கொதறிருவா, ஆனா வேலை சுத்தம்" என்று ஊரில் பேச்சு. இரண்டும் உண்மைதான், மறுக்கவில்லை.

அவருக்கு மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். மழையை நம்பின கொஞ்சம் நிலம், கொஞ்சம் ஆடு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதல் நாள் இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். நான் யாருக்கோ ஜாதிச் சான்றிதழ் போட்டுக்கொண்டிருந்தேன். என் வேலை முடிகிறவரை ஒரு சத்தம் கொடுக்கவில்லை. நானாக நிமிர்ந்து, "என்ன அண்ணாச்சி, வேடிக்கை பாக்க வந்தீயளா?" என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்.

"இல்ல தங்கச்சி, போன்ல ஒரு டீச்சர் வாராவ. பிள்ளைக்குப் பேச்சு சொல்லிக்குடுக்க. எங்க ஊர்ல சிக்னல் நிக்க மாட்டேங்கு. பெரிய படமாப் பாக்கணும்னும் சொன்னாவ. இங்கன அதுக்கு வசதி உண்டுமா?"

பிள்ளையைப் பார்த்தேன். ஐந்து வயதிருக்கும். பெயர் கோமதி. அவள் அம்மா இரண்டு காதையும் மறைத்து முடியை இறக்கிவிட்டு, அதன்மேல் பிச்சிப்பூவைப் பரத்தி வைத்திருந்தாள். பூவுக்கு அடியில் இரண்டு பக்கமும் காது மெஷின். அம்மா ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவள். விடிகாலையில் கம்பெனி வேன் வந்துவிடும். அதனால் வகுப்புக்கு அப்பாதான்.

மூலையில் இருந்த கம்ப்யூட்டரை அவர்களுக்கு ஒதுக்கினேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலையில் அரை மணி நேரம். திரையில் டீச்சர் வந்தாள். திருநெல்வேலியிலிருந்து பேசுகிற சின்னப் பெண். முதல் வார்த்தையே, "அப்பா, மெஷின் மேல முடியும் பூவும் இருந்தா சத்தம் உள்ள போகாது, எடுத்துருங்க" என்றாள். அவர் பூவைப் பிள்ளை தலையிலிருந்து மெதுவாகக் கழற்றி, யாருக்கும் தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மெஷின் வெளியே தெரிந்தது. கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் கழுத்து சிவந்துபோனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

அந்த மனுஷர் தனக்கு வருகிற கூச்சத்தையாவது பொறுத்துக்கொள்வார். இன்னொருத்தர் நாலு பேர் முன்னால் கூசி நிற்பதை அவரால் பார்க்கவே முடியாது. அவருக்கு உடம்பு பதறும்.

ஒரு நாள் பென்ஷன் விஷயமாக ஒரு வயசாளி வந்தார். "கையெழுத்தா கைநாட்டா, சட்டுன்னு சொல்லும். பின்னால ஆள் நிக்கி" என்று நான் என் வழக்கப்படி விரட்டினேன். வயசாளி பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு காகிதத்தையே பார்த்தபடி நின்றார். கூட்டமும் அவரைப் பார்த்தது. வகுப்பு முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த இவர் குறுக்கே வந்தார். "தங்கச்சி, அந்த மைப்பெட்டிய இங்கன தா. எனக்கும் கைநாட்டுதான்" என்று ஒரு கழிவுக் காகிதத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார். வயசாளிக்கு முகம் தெளிந்துவிட்டது. "நீருமா வே?" என்றார். "பெறகு? எங்கய்யா ஆட்டுக்குப் பின்னாலல்லா அனுப்பினாரு" என்று இவர் சிரித்தார்.

அடுத்த வாரமே ஆதார் வேலைக்கு என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார். முத்து முத்தான எழுத்து. எனக்கு வந்ததே கோபம்.

"ஏன் அண்ணாச்சி, அன்னைக்கு எதுக்குப் பொய் சொன்னீய?"

"பொய்யா அது? வயசான மனுசன் தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்காரு. என் விரல்ல மை பட்டா கழுவுனாப் போவுது."

இன்னொரு வியாழன், பிளஸ் டூ ரிசல்ட். கடை நிறையப் பிள்ளைகள். எல்லாவற்றையும் உரக்கப் படித்துச் சொல்வது என் பழக்கம். ஒரு பெண்ணுக்கு, "கணக்குல போச்சு, தாயி" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சுற்றி அவள் கூடப் படித்தவர்கள். அடுத்த நொடி மூலையில் டமார் என்று சத்தம். இவர் வகுப்புக்குக் கொண்டுவருகிற புளியங்கொட்டை டப்பா கீழே விழுந்து, கொட்டை கடை முழுக்க உருண்டது. எல்லோரும் குனிந்து பொறுக்கினார்கள். நிமிர்ந்தபோது அந்தப் பெண் போய்விட்டிருந்தாள். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டே, "கை தவறிட்டு தங்கச்சி, கை தவறிட்டு" என்றார். கையாவது தவறுவதாவது.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு பிள்ளைக்காக அவர் செய்ததும் கொஞ்சமில்லை. ஒருமுறை டீச்சர், "ஆடு எப்படிக் கத்தும்? அப்பா கத்திக் காட்டுங்க, பாப்பா பார்க்கட்டும்" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு காலேஜ் பிள்ளைகள், தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர், நான். காது நுனிவரை சிவந்தது. பிறகு கத்தினாரே ஒரு கத்து! அசல் வெள்ளாடு. தெருவில் போன ஒருத்தர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். கோமதி கைதட்டிச் சிரித்தாள். காலேஜ் பிள்ளைகள் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "சிரிங்க தாயி, சிரிங்க. அடக்குனா விக்கிக்கிடும்." அப்படிப்பட்ட ஆளை யாருக்குத்தான் பிடிக்காமல் போகும்? எனக்கு வியாழக்கிழமை என்றால் மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான்.

அந்த வகுப்பு நடக்கிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும். மூலைக் கம்ப்யூட்டர் சுவரை ஒட்டி இருந்தது. அவர் அதன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வார். டீச்சருக்கு அவர்கள் முகம் தெரியும். என் மேஜையிலிருந்து எனக்கு முதுகு தெரியும். ஒவ்வொரு வாரமும் முதல் வேலை, மெஷின் வழியாகப் பிள்ளைக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்ப்பது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் போகிற சத்தம் சரியாக இருக்காதாம். அதனால் சத்தத்தை அப்பாதான் எழுப்ப வேண்டும். உதட்டைப் பார்த்துப் பிள்ளை கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால் துண்டின் நுனியால் வாயை மறைத்துக்கொண்டு, ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கேட்டால் ஒரு புளியங்கொட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். கேட்கவில்லை என்றால் சும்மா இருப்பாள்.

எதற்காக இதெல்லாம் என்று டீச்சர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள். சின்னப் பெண்ணாக இருந்தாலும் விஷயத்தை நறுக்கென்று சொன்னாள். "பாப்பாவோட டெஸ்ட் ரிசல்ட் நடுவாந்திரமா இருக்கு அப்பா. இந்த மெஷினே போதுமா, இல்ல காதுக்குள்ள கருவி வைக்கிற ஆபரேஷன் வேணுமான்னு நாம பார்க்கணும். ஆறு வயசுக்குள்ள முடிவு பண்ணணும். அதுக்கப்புறம் அரசாங்கச் செலவுல கிடைக்கிறதும் கஷ்டம், பேச்சு வர்ற வயசும் போயிடும். நான் எழுதுறதையும் வச்சுத்தான் டாக்டர் முடிவெடுப்பார். நான் பக்கத்துல இல்ல. நீங்க எனக்கு என்ன காட்டுறீங்களோ அதுதான்."

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்த முதல் வகுப்பில் கோமதி 'ஆ'வுக்கு ஒரு கொட்டை போட்டாள். 'ஊ'வுக்கு யோசித்துப் போட்டாள். அதற்குப் பிறகு கையில் கொட்டையை வைத்துக்கொண்டு அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துண்டுக்குப் பின்னால் "ஸ்... ஸ்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டீச்சர் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சிரித்தாள். ஜெராக்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மா பக்கத்துப் பெண்ணிடம், "செவிடாட்டி?" என்று கேட்டாள். மெதுவாகக் கேட்பதாக அவளுக்கு நினைப்பு. கடை முழுக்கக் கேட்டது.

அடுத்த வாரத்திலிருந்து கோமதி எல்லாச் சத்தத்துக்கும் கொட்டை போட ஆரம்பித்தாள்.

டீச்சருக்குப் பிடிபடாத சந்தோஷம். "வீட்ல நல்லா பழக்குறீங்கப்பா!" என்றாள். அவர் நெளிந்தார். பாராட்டினால் எப்போதும் நெளிகிறவர்தான் என்பதால் நானும் ஒன்றும் நினைக்கவில்லை. அவருடைய இடது கை பிள்ளையின் முதுகில் இருக்கும். பெருவிரல் மட்டும் அவ்வப்போது அசையும். பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிறார், என்ன பாசம் பாரேன் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பிள்ளைகளை ஒரு நாளும் இப்படி மடியில் வைத்ததில்லையே என்றுகூட ஒரு ஏக்கம் வந்தது. மடச்சி!

ஒரு வியாழன் நெட் நின்றுவிட்டது. திரையில் டீச்சர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோனாள். நான் ரௌட்டரை அணைத்துப் போட்டுவிட்டு என் மேஜையில் வந்து உட்கார்ந்தேன். கடையில் வேறு ஆள் இல்லை. அவர் துண்டை மடியில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை. பொழுது போகாமல் பிள்ளை முதுகை லேசாகத் தட்டினார். கோமதி ஒரு கொட்டையை எடுத்து டப்பாவில் போட்டாள்.

என்னடா இது என்று பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை. மறுபடியும் தட்டினார். மறுபடியும் ஒரு கொட்டை விழுந்தது. கடையில் ஒரு சத்தமும் இல்லை. டப்பாவில் கொட்டை விழுகிற சத்தம் மட்டும்தான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. தப்பு செய்து மாட்டிக்கொண்ட ஆளின் முகம் இல்லை அது. அவிழ்ந்த வேட்டியைப் பிடிக்கக் கை இல்லாமல் நிற்கிற ஆளின் முகம்.

"அண்ணாச்சி" என்றேன். "என்ன காரியம் செய்தீய?"

"பிள்ளை முழிச்சிக்கிட்டே இருக்கும் தங்கச்சி. எல்லாரும் பாக்காவ. அந்த டீச்சரும் பாவம், சிரிச்சு சிரிச்சு மறைக்காவ. ஒருநாள் ஒரேயொரு தட்டு தட்டினேன். பிள்ளை கொட்டையப் போட்டுட்டு எப்படிச் சிரிச்சா தெரியுமா? அந்தால நிறுத்த முடியல."

"உமக்குப் புத்தி இருக்கா? கேக்குன்னு எழுதிருவாவ! மெஷினே போதும்னு விட்டுருவாவ! ஆறு வயசுக்கு இன்னும் எத்தன மாசம் கெடக்கு?"

"எனக்குத் தெரியாதா தங்கச்சி? தூக்கமே இல்ல. வீட்ல பின்னால நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கேன். திரும்ப மாட்டேங்கா." பிள்ளையின் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் நானே சொல்லிருதேன். நீ சொல்லிராத. என் வாயால சொல்லுதேன்."

சரி, மானமுள்ள மனுஷர், தானே சொல்லட்டும் என்று விட்டேன்.

அடுத்த வியாழன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லிவிடுகிறேன் என்று. திரையில் டீச்சர் வந்தாள். "டீச்சர், ஒரு விசயம்..." என்று தொடங்கினார். அவள் அவரைப் பேசவே விடவில்லை.

"அப்பா, இன்னைக்கு எங்க பெரிய மேடமும் பார்க்க வந்திருக்காங்க. நான் பார்க்கிற பிள்ளைகள்லேயே கோமதிதான் இவ்வளவு சீக்கிரம் முன்னேறினதுன்னு சொல்லி வச்சிருக்கேன். உங்க வீடியோவைத்தான் மத்த அப்பா அம்மாவுக்கெல்லாம் காட்டுறேன்." அவள் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்து வணக்கம் சொன்னார். டீச்சரின் முகம் முழுக்கப் பெருமை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இந்த மனுஷர் சொல்லப்போவதில்லை என்று. மேலதிகாரி முன்னால் அந்தச் சின்னப் பெண்ணைக் கூச வைக்க இவரால் முடியாது. பெத்த பிள்ளையின் காதே போனாலும் முடியாது. அந்த நேரம் அவர்மேல் எனக்கு வந்தது கோபமில்லை, ஒரு பயம். நல்ல குணம் என்று நான் தலையில் தூக்கி வைத்திருந்தது இவ்வளவு தூரம் போகுமா என்ற பயம்.

"ஏதோ சொல்ல வந்தீங்களேப்பா?"

"ஒண்ணுமில்ல டீச்சர். மழை பெஞ்சிருக்குன்னு சொல்ல வந்தேன்."

துண்டை எடுத்து வாயை மறைத்தார். இடது கை பிள்ளை முதுகுக்குப் போனது. 'ஆ' என்றார். கொட்டை விழுந்தது. பெரிய மேடம் எதையோ குறித்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். எவரையும் பார்க்கவில்லை. நேரே போய்க் கோமதியை அவர் மடியிலிருந்து தூக்கி, பக்கத்து ஸ்டூலில் தனியாக உட்கார வைத்தேன். "இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

"யாருங்க அது?" என்றாள் டீச்சர்.

"கடைக்காரிம்மா. பிள்ளை தனியா இருக்கட்டும். இப்பக் கேட்டுப் பாருங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். நான் நகரவில்லை. டீச்சர் ஒன்றும் புரியாமல், "சரிப்பா, சொல்லுங்க" என்றாள். 'ஊ' என்றார். கொட்டை விழுந்தது. 'ஈ' என்றார். கோமதி கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, முதுகை ஒருதரம் நெளித்துத் திரும்பிப் பார்த்தாள், கை எங்கே போயிற்று என்பது போல. 'ஷ்' என்றார். அவருக்குக் குரல் உடைந்தது. 'ஸ்' என்றார். பிள்ளை அசையவில்லை. கடையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

திரையில் டீச்சரின் முகத்திலிருந்து அந்தப் பெருமை இறங்கியது. பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ எத்தனை வாரமா கேக்குதுன்னு எழுதியிருக்கே?" என்று கேட்டார். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதைப் பார்த்ததும் இவர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். காமிராவுக்கு வயிறுதான் தெரிந்திருக்கும். கையைக் கூப்பிக்கொண்டு, கடை முழுக்க, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மேடம், அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீய. அவுக மேல ஒரு தப்பும் கிடையாது. நான்தான் முதுகுல தட்டித் தட்டி ஏமாத்தினேன். எல்லா வாரமும் ஏமாத்தினேன். எம் பிள்ளைக்குக் கேக்கல மேடம். எம் பிள்ளைக்குக் கேக்கல."

அந்த மூன்று மாதத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. 'பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் தாமதம்' என்பார். 'சளி பிடிச்சிருக்கு' என்பார். அன்றைக்குத்தான் சொன்னார்.

பெரிய மேடம் நல்ல மனுஷி. ஏசவில்லை. "உட்காருங்கப்பா. இப்ப தெரிஞ்சதே நல்லது, இன்னும் நேரம் இருக்கு" என்று ஆரம்பித்து, அடுத்து எங்கே போக வேண்டும், எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அவர் எதைக் கேட்டார், எதைக் கேட்கவில்லை என்று தெரியாது. முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியேறினார். டப்பாவை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். வாசல் தாண்டும்போது மட்டும் என் பக்கம் திரும்பாமல், "வாரேன் தங்கச்சி" என்றார். அந்த நேரத்திலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

நான் செய்தது சரிதான். இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன், நாளைக்கே நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் வெட்கம் என்பது சரி, தப்பு பார்த்து வருவதில்லை போலிருக்கிறது. ஒரு மனுஷனை ஆறேழு பேர் முன்னால் உரித்துக் காட்டிவிட்டு, அன்றைக்குப் பகல் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் போகவே எனக்குக் கூசியது. அதற்கு முன்னால் எத்தனை பேரை அந்தக் கடையில் நான் உரக்கப் படித்திருக்கிறேன்! யார் கூசினாலும் எனக்கென்ன என்று இருந்தவள்தானே. அவரிடமிருந்து எனக்குத் தொற்றியது அது ஒன்றுதான்.

அவர் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. அவர் மனைவி ஒரு நாள் வந்தாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை ஜெராக்ஸ் எடுக்க. ஆபரேஷனுக்கு எழுதிவிட்டார்களாம். என்னோடு சண்டை போடத்தான் வந்திருக்கிறாளோ என்று நினைத்தேன். அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, அவிய அழுதாவளா?"

"இல்லம்மா" என்றேன்.

"வீட்டுக்கு வந்துதான் அழுதாவ. 'எம் பிள்ளைக்கு நானே சத்துரு ஆயிட்டனே'ன்னு."

நான் ஜெராக்ஸ் காகிதத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்தும் ஒருமுறை வந்தாள். சிவகிரியில் அவளுடைய தங்கச்சி வீட்டில் நல்ல நெட் இருக்கிறது, வகுப்பை அங்கே வைத்துக்கொள்கிறோம் என்றாள். அதே டீச்சர்தானாம். இவர்கள்தான் அந்தப் பெண்ணே வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். "இப்ப வீட்ல அவிய பேச்சே கொறஞ்சு போச்சுக்கா. பிள்ளை ஏதாவது கேக்க வந்தா, அவ வாயத் தொறக்குற மட்டும் பொறுத்துக்கிட்டே இருக்காவ. சோத்துத் தட்டு முன்னால இருந்தாலும் சரி. எனக்குத்தான் பொறுக்க மாட்டாம எடுத்துக் குடுத்துருதேன். என்னைய ஏசுதாவ."

அவர் ஏசுவாரா! எனக்கு நம்ப முடியவில்லை.

போன ஆடித்தபசுத் திருவிழாவில்தான் மறுபடியும் அவரைப் பார்த்தேன். ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. வளையல் கடை முன்னால் பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நானும் என் மகளுக்கு வாங்க நின்றேன். எனக்கு இரண்டு ஆள் தள்ளி அவர். நரை கூடியிருந்தது. முன்னால் கோமதி, நன்றாக வளர்ந்து, இரட்டைச் சடை போட்டு. ஒரு பக்கம் காதுக்கு மேலே முடிக்குள்ளிருந்து கறுப்பாக வட்டமாகக் கருவி தெரிந்தது. யாரும் அதைப் பூ வைத்து மறைக்கவில்லை.

கடைக்காரம்மா அவள் கையைப் பிடித்து, "எந்தக் கலர் வேணும் தாயி?" என்று கேட்டாள். கோமதி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. உதட்டைக் கூட்டினாள், விட்டாள், மறுபடியும் கூட்டினாள். கடைக்காரம்மா ஒரு சிவப்பு வளையலை எடுத்து மாட்டப் போனாள். கோமதி கையை இழுத்துக்கொண்டாள். அவள் கண், கடை ஓரத்தில் தொங்கிய பச்சையிலேயே இருந்தது. யார் பார்த்தாலும் தெரியும். "சொல்லு தாயி, ஆள் நிக்கில்லா" என்றாள் கடைக்காரம்மா. பின்னால் ஒருத்தி, "பேச வராதோ?" என்றாள். எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். அவர் முகம் அப்படியே சிவந்து, நெற்றியில் வேர்வை கொட்டியது. வாயை மட்டும் திறக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. என் வாய் இருக்கிறதே. "பச்சைம்மா! அந்தப் பச்சைய எடுத்துக் குடுங்க. பிள்ளை எவ்வளவு நேரம்..." என்று கத்தியேவிட்டேன்.

அவர் திரும்பினார். என்னைத் தெரிந்துகொண்டார். கோபம் ஒன்றும் இல்லை. கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி இருந்தது அவர் குரல்.

"நீ சொல்லிராத தங்கச்சி. அவ கேக்கட்டும்."

அத்தனை பேர் நடுவில் நான் கூனிக்குறுகிப் போனேன். அவர் என்னைக் காப்பாற்ற ஒன்றும் செய்யவில்லை. திரும்பிப் பிள்ளையைப் பார்த்து நின்றுகொண்டார்.

கோமதி மறுபடியும் முயன்றாள். "பச்...சே" என்றாள். கரகரத்த குரல், பாதி காற்று. "என்னது?" என்றாள் கடைக்காரம்மா. அவர் அசையவில்லை. இன்னொரு தரம் சொன்னாள், உரக்க. "பச்சே!"

"பச்சையா? அத மொதல்லயே சொல்லப்பிடாதா அண்ணாச்சி? எத்தன வளையல் வேணும்?" என்று கடைக்காரம்மா அவரைப் பார்த்துக் கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"அவகிட்டக் கேளுங்கம்மா. அவளுக்குக் கேக்கும்."